இடது கன்னத்து மிட்டாய்

— இதுக்கு மேல திறந்தா தாடை கழண்டு உன் கையோட வந்துடும் பாப்பா.

— வராதுப்பா. எத்தனையோ தாடையத் திறந்து பார்த்தாச்சு, இதுவரைக்கும் ஒண்ணும் கழண்டதில்ல. இன்னும் கொஞ்சம். சிஸ்டர், லைட்ட இடது பக்கமாத் திருப்புங்க.

— போதுமா டாக்டர்?

— போதும். அப்பா, நாக்கை ஒதுக்குங்க. இது என்ன... அடடா, இங்கயும் இருக்கே. சிஸ்டர், அப்பாவுக்குப் போன வருஷம் எடுத்த எக்ஸ்ரேயப் போடுங்க.

— போட்டிருக்கேன் டாக்டர். அதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு.

— அதான் எனக்கும் புரியல. ஒரு வருஷத்துக்குள்ள எப்படி இப்படி ஆகும்? வாயை மூடிக்கோங்கப்பா. எத்தனை நாளா வலிக்குது?

— வலியெல்லாம் இல்ல. குளிர்ந்த தண்ணி குடிச்சா சுர்ருனு ஷாக் அடிக்குது. எங்கயோ கரண்ட் லீக் ஆகுதுன்னு நினைச்சேன்.

— ரிட்டயர் ஆகியும் உங்களுக்கு ஒயரிங் நினைப்புதான். செக்கப்புக்கு வாங்க, வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வீட்டுக்குள்ளயே பல் டாக்டர வெச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் விட்டிருக்கீங்க.

— வீட்டுக்குள்ளயே எலக்ட்ரீஷியன் இருந்தப்ப உங்கம்மா கேட்ட சுவிட்ச்ச நான் எத்தனை மாசம் கழிச்சு மாத்தினேன்? அந்த மாதிரிதான்.

— சமாளிக்காதீங்க. இடது பக்கம் மட்டும் ஈறு ஓரமா, மேலயும் கீழயும் அரிச்சிருக்கு. வலது பக்கம் பளிச்சுனு இருக்கு. சொத்தை வழக்கமா இப்படி ஒரே பக்கமாக் குடியேறாது. என்ன சாப்பிடறீங்க?

— நீ போடறதத்தான் சாப்பிடறேன்.

— நான் போடாதது?

— நீ போடாதத நான் எங்க போய்ச் சாப்பிட? காபிக்கே சர்க்கரை அரை ஸ்பூன். எனக்கும் இனிப்புக்கும் என்ன சம்பந்தம்?

— சிஸ்டர், இதே மாதிரி ஒரு வாய் நாம பார்த்தோமே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு டாக்டர். அந்த லாரிக்காரர். ரோட்டுல தூக்கம் வரக் கூடாதுன்னு கன்னத்துக்குள்ள மிட்டாய அடக்கிக்கிட்டே ஓட்டுவாரே.

— அவரேதான்! அப்பா, இங்க பாருங்க. கூரையப் பார்க்காதீங்க.

— மேடம், நீங்க எந்தக் கட்சி?

— நான் பல்லுக் கட்சி சார்.

— அது என்னப்பா மேடம்? இங்க வர்றவங்க எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க.

— எனக்கு அப்படிப் பழக்கமில்ல பாப்பா. சரி, மிட்டாய்தானே கேட்டே? எப்பவாவது ஒண்ணு போட்டுக்குவேன்.

— எப்பவாவதுன்னா எப்ப?

— காலைல காபி குடிச்சதும் ஒண்ணு. பேப்பர் படிக்கும்போது வாய் சும்மா இருக்குமே, அப்ப ஒண்ணு. கடைக்குப் போற வழியில. திரும்பி வர்ற வழியில. மாடிக்குப் போனா ரெண்டு மூணு. அப்புறம் படுக்கும்போது ஒண்ணு.

— படுக்கும்போதா? பல்லு தேய்ச்சுட்டா?

— அது பெப்பர்மின்ட் பாப்பா. பேஸ்ட்டும் அதே வாசனை, மிட்டாயும் அதே வாசனை. பேஸ்ட்டு செஞ்ச வேலையத்தான் ராத்திரி முழுக்க அதுவும் செய்யும்னு நினைச்சேன்.

— கேட்டீங்களா சிஸ்டர்? பல் டாக்டரோட அப்பா பேசற பேச்ச?

— கேட்டேன் டாக்டர். வெளிய சொல்ல மாட்டேன்.

— அப்பா, ஒரு டப்பா இனிப்ப ஒரே மூச்சுல சாப்பிட்டிருந்தாக்கூட உங்க பல்லு மன்னிச்சிருக்கும். நீங்க செஞ்சது அதை விட மோசம். வாயில எப்பவும் கிருமி இருக்கு. நீங்க இனிப்பு போட்டா அதுங்களுக்கும் பந்திதான். தின்னுட்டு சும்மா போகாது, அமிலத்த விட்டுட்டுப் போகும். அந்த அமிலம் பல்லோட சத்தக் கொஞ்சம் கரைச்சுடும்.

— அப்ப தின்னவங்க எல்லாருக்கும் ஓட்டை விழணுமே?

— விழாது. எச்சில்னு ஒண்ணு இருக்கே. அது வந்து அமிலத்தக் கழுவி விட்டுட்டு, கரைஞ்சு போன சத்தத் திரும்பக் கொண்டு வந்து பூசும். ஆனா அதுக்கு நேரம் வேணும். ஒரு தடவை இனிப்பு பட்டா அரை மணி நேரமாவது வேணும். நீங்க அந்த நேரத்தக் குடுத்தீங்களா? அது பூச ஆரம்பிக்கும்போதே அடுத்த மிட்டாய்.

— அதாவது, சார்ஜ் ஏறவே விடாம லோடு ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன்.

— ஆமா. ராத்திரி தூங்கும்போது எச்சில் ஊறுறதும் குறைஞ்சுடும்.

— ஜெனரேட்டரும் ஆஃப். அப்ப பேட்டரி செத்துத்தான் போகும்.

— அது மட்டுமா? வயசாக ஆக ஈறு ஒதுங்கிடும், வேர் வெளிய தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது.

— இன்சுலேஷன் உரிஞ்ச ஒயரு. அட, ரொம்ப ஆபத்தான விஷயம்தான் பாப்பா. இதையெல்லாம் நீ வீட்ல சொல்லலாம்ல?

— வீட்ல நான் ஒரு வார்த்தை சொன்னா நீங்க மாடிக்குப் போயிடறீங்க. ஊசி போடறேன், அசையாதீங்க. சுருக்குனு இருக்கும்.

— ம்ம்... ஸ்ஸ்...

— ஆச்சு. சிஸ்டர், அவர் கையை ஏன் பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?

— ஆடினாரு டாக்டர்.

— கொஞ்ச நேரத்துல உதடு மரத்துடும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. ஏன் இடது பக்கமாவே வெக்கறீங்க?

— அதுக்கென்ன காரணம்? அது ஒரு கை வாகு.

— இது கை வாகில்லப்பா, வாய் வாகு. உங்க சிகரெட்டும் அந்த மூலையிலதான் தொங்கும். அம்மா கிண்டல் பண்ணுவாங்களே, உங்கப்பா பாதி வாயாலதான் சிரிப்பாரு, மீதி வாயில புகை இருக்கும்னு. இருங்க, இருங்க. திரும்பத் திறங்க.

— ஆ...

— கறை இல்ல. போன வருஷம் நான் சுரண்டி எடுத்த அந்தப் பழுப்புக் கறை திரும்ப வரவே இல்ல. வாடையும் இல்ல. மாஸ்க் போட்டிருக்கிறதால தெரியலன்னு நினைச்சேன். அப்பா... நீங்க சிகரெட்ட விட்டுட்டீங்களா?

— ஆ... ம்.

— மூடிக்கிட்டுப் பேசுங்க.

— கொஞ்ச மாசமா இல்ல.

— மாடிக்குப் போறது நிக்கலையே! உங்க மாப்பிள்ளைகூட நேத்திக்குச் சொன்னாரு, மாமா தீப்பெட்டிய எடுத்துக்கிட்டு மேல போறாருன்னு.

— தீப்பெட்டிக்குள்ள மிட்டாய்.

— என்னது?

— குச்சியெல்லாம் கொட்டிட்டு மிட்டாய அடுக்கி வெச்சிருக்கேன். ஆட்டினா அதே சத்தம் வரும். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வராது.

— சிஸ்டர், சிரிக்காதீங்க.

— சிரிக்கல டாக்டர். தொண்டையில ஏதோ.

— எல்லாரும் ஒளிஞ்சு நின்னு சிகரெட் பிடிப்பாங்க. எங்கப்பா ஒளிஞ்சு நின்னு பிடிக்காம இருக்காரு! நல்ல காரியத்த யாராவது திருட்டுத்தனமா செய்வாங்களாப்பா?

— விட்டுட்டேன்னு சொன்னா, ஏன் விட்டீங்கன்னு கேப்பே.

— ஏன் விட்டீங்க?

— பார்த்தியா!

— சொல்லுங்க.

— ஊசி போட்டாச்சே, வேலையப் பாரேன். இதோ திறந்துட்டேன். ஆ...

— இவ்வளவு நேரம் திறங்கன்னு கெஞ்சினேன். இப்ப மூடுங்கன்னு கெஞ்ச வைக்கிறீங்க. அப்பா, அம்மா எத்தனை தடவை சொன்னாங்க? அழுதாங்க. தீப்பெட்டிய அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. நான் காலேஜ் படிக்கும்போது, நோய் வந்து பாதி தாடை போனவங்க படத்தையெல்லாம் கொண்டு வந்து உங்க மேஜையில பரப்பினேன். நீங்க அசையல. இப்ப மட்டும் யாரு சொல்லி விட்டீங்க?

— ஒருத்தங்க.

— ஒருத்தங்கன்னா?

— ஒரு லேடி.

— லேடியா?

— ஆமா பாப்பா, லேடிதான்.

— சிஸ்டர், சொத்தைய எடுத்ததும் அடைக்கணும். சிமென்ட் கலக்கத் தயாரா இருங்க.

— கலந்துட்டேன் டாக்டர்.

— கலந்துட்டீங்களா? இன்னும் நான் சுரண்ட ஆரம்பிக்கவே இல்லையே. பாருங்க, கட்டியாப் போச்சு. உங்க கையில இப்படி ஆனதே இல்லையே?

— தப்புதான் டாக்டர். கை அவசரப்பட்டுடுச்சு. வேற கலக்கறேன். இல்ல, குடும்ப விஷயம் பேசறீங்க, நான் கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டுமா?

— வேணாம், இருங்க. நீங்க எச்சில் உறிஞ்சற சக்ஷன் குழாயப் பிடிக்காம நான் ஒரு வேலையும் செய்ய முடியாது. உங்களுக்குத் தெரியாம எங்க வீட்ல என்ன ரகசியம்? அப்பா, எப்படிப் பழக்கம்?

— போன்ல. ஒரு விஷயத்த ஞாபகப்படுத்தக் கூப்பிட்டாங்க.

— பாங்க்கா? இன்சூரன்ஸா? ஐயோ, ஏதாவது நம்பர் கேட்டாங்களா? நீங்க சொன்னீங்களா?

— என்னை என்ன அவ்வளவு மக்குன்னு நினைச்சியா? அவங்க தேதி சொன்னாங்க, நான் சரின்னேன், அவ்வளவுதான். மறுநாள் நானா கூப்பிட்டேன், தேதி மறந்து போச்சுன்னு.

— மறந்து போச்சா?

— மறக்கல. குரல் நல்லா இருந்துச்சு.

— அப்பா!

— நீதானே சொல்லச் சொன்னே. உதடு மரத்துப் போச்சு பாப்பா, வெட்கமும் அதோட சேர்ந்து மரத்துடுச்சு போல. அப்புறம் தினமும் சாயங்காலம் பேசுவோம். ஒரு நாள் பேச்சுக்கு நடுவுல சிகரெட்டப் பத்த வெச்சேன். லைன் கட் ஆயிடுச்சு. டவர் இல்ல போலன்னு விட்டுட்டேன். மறுநாளும் பத்த வெச்சேன், மறுநாளும் கட். எனக்குத் தெரியாத ஃபால்ட்டா? என்னங்க இப்படி ஆகுதுன்னு கேட்டேன். தீக்குச்சி உரசற சத்தம் எனக்கு ஆகாது, கேட்டா வெச்சுடுவேன்னாங்க.

— விடுங்கன்னு சொல்லலையா?

— ஒரு நாள்கூடச் சொல்லல. புத்தி சொல்லல, அழல, பயமுறுத்தல. சத்தம் கேட்டா போனை வெச்சுடுவாங்க. அந்த 'டொக்'குனு ஆகிற சத்தத்துக்கு அப்புறம் மாடியில நான் மட்டும் நிப்பேன். கையில சிகரெட் எரிஞ்சுக்கிட்டிருக்கும். இழுக்கவே தோணாது.

— அம்மாவால போனை வெக்க முடியலையேப்பா. அம்மா நம்ம கூடவே இருந்தாங்க. எங்க போவாங்க?

— அதான் பாப்பா. அதேதான். எங்க போயிடுவான்னு நினைச்சேன். நாளைக்கு விட்டுடறேன், நாளைக்கு விட்டுடறேன்னு ஒவ்வொரு நாளும் நிஜமாத்தான் சொன்னேன். நாளைக்கு அவ இருப்பான்னு ஒரு நம்பிக்கை. சிகரெட்டால போகல அவ, ஆனா போயிட்டா. அதுக்கப்புறம் விட்டு யாருக்குக் காட்டப் போறேன்னு இன்னும் ரெண்டு சேர்த்துப் பிடிச்சேன்.

— ம்.

— இவங்க உங்கம்மாவ விடப் பெரிசுன்னு நான் விடல. போறவங்க நிஜமாவே போயிடுவாங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்கம்மாதான். அவ சொன்னது எனக்கு லேட்டாக் கேட்டுச்சு. அவ்வளவுதான் பாப்பா.

— டாக்டர், இந்தாங்க. டிஷ்யூ.

— தேங்க்ஸ் சிஸ்டர். கண்ணாடியில ஏதோ பட்டுடுச்சு. அப்பா, வாயைத் திறங்க.

— கோபமா சுரண்டப் போறியா?

— கோபமா சுரண்டினா நரம்புல போய் நிக்கும். உங்க நல்ல நேரம், நரம்பு வரைக்கும் இன்னும் போகல. திறங்க. நான் கேக்கறதுக்கு 'ஆ'ன்னா ஆமா, 'ம்ஹும்'னா இல்ல. நல்லவங்களா?

— ஆ.

— தனியா இருக்காங்களா?

— ஆ.

— உங்ககிட்ட ஏதாவது எதிர்பார்க்கறாங்களா?

— ம்ஹும்.

— சார், தலைய ஆட்டாதீங்க, சக்ஷன் நழுவுது. டாக்டர், வாயை அடைச்சுப் போட்டுட்டு விசாரிச்சா பாவம் இல்லையா?

— இவர வேற எப்படி விசாரிக்கிறது? வாயைத் திறந்து விட்டா ஃபியூஸ், ஒயருன்னு ஆரம்பிச்சுடுவாரு. அப்பா, உங்களைச் சிரிக்க வைக்கிறாங்களா?

— ஆ. ஆ.

— ரெண்டு 'ஆ'வா! சரி. முழு வாயாலயா?

— ஆ...

— சிஸ்டர், சிமென்ட். இப்ப சரியா இருக்கு. எப்பவும் போல. அப்படியே பிடிங்க. இன்னைக்கு நீங்களா இங்க வரலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. யாரு அனுப்பினது? அவங்களா?

— ஆ.

— கொஞ்சம் இறுகட்டும். ம்... இப்ப மெதுவா மூடுங்க. சொல்லுங்க, அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

— மிட்டாய் பழ்ழுழ உழுழுற சத்தம்...

— மெதுவா, மெதுவா.

— மிட்டாய் பல்லுல உருள்ற சத்தம் போன்ல கேக்குதாம். ஒரு நாள் முழுக்க எத்தனைன்னு கேட்டாங்க. சொன்னேன். வெச்சுட்டாங்க.

— போனையா?

— ஆமா. போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பேசுங்கன்னுட்டாங்க. இந்த மூணு நாளா பேசல.

— கெட்டிக்காரங்கதான். எனக்கு இத்தனை மாசமாத் தெரியாதத ஒரு சத்தத்த வெச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. இங்க பாருங்க கண்ணாடியில. இது ரெண்டும் அடைச்சாச்சு. இந்தப் பக்கத்துல வெள்ளையா திட்டுத் திட்டா தெரியுதே, அது ஓட்டை இல்ல. ஓட்டை ஆகப் போற இடம். அத நான் தொடல.

— ஏன், அதையும் சுரண்டி அடைச்சுடேன்.

— வேண்டாம். அது திரும்பி வரும்.

— பல்லு திரும்பி வருமா?

— ஓட்டை விழுந்தா வராது. அதுக்கு முன்னாடி கவனிச்சா வரும். காலைலயும் ராத்திரியும் ஃப்ளோரைடு பேஸ்ட்டால தேய்ங்க. தேய்ச்சதும் துப்புங்க, தண்ணி ஊத்திக் கொப்புளிக்காதீங்க. பேஸ்ட்டு கொஞ்சம் பல்லு மேல தங்கட்டும். அதுக்கப்புறம் காலைல வரைக்கும் வாயில எதுவும் போகக் கூடாது, தண்ணியத் தவிர. பகல்ல இனிப்பு வேணும்னா சாப்பாட்டோட சேர்த்து ஒரு தடவை சாப்பிட்டு முடிச்சுடுங்க. நாள் முழுக்கக் கன்னத்துல குடி வைக்காதீங்க.

— பாப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? மிட்டாய விட்டா மறுபடியும் சிகரெட் வந்துடுமோன்னு பயமா இருக்கு. அந்த மூலை காலியா இருந்தா என்னால தாங்க முடியாது. எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டேன் தெரியுமா? ஒரு மாசம் கையெல்லாம் என்ன பண்றதுன்னே தெரியாம கிடந்துச்சு.

— தெரியும்ப்பா. அத விட்டதுக்கு நான் உங்களுக்கு மாலையே போடணும். இன்னைக்குப் போய்ச் சண்டை போட்டேன் பாருங்க. சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கிக்கோங்க. அத மெல்லும்போது எச்சில் நிறைய ஊறும், பல்லுக்கும் நல்லது, மூலையும் நிறையும். அப்புறம், சிகரெட் வராது.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

— வந்தா அவங்க போனை வெச்சுடுவாங்களே.

— பாப்பா...

— அழாதீங்க. மரத்துப் போன வாயோட அழுதா பார்க்கச் சகிக்காது.

— அப்ப உனக்குச் சம்மதமா?

— சம்மதமான்னு இப்பவே கேக்காதீங்க. எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும். ஆனா அவங்களப் பார்க்கணும். நாளைக்குக் காலைல இங்கயே வரச் சொல்லுங்க. பேஷன்ட் வர்றதுக்கு முன்னாடி.

— நாளைக்கேவா? இங்கயா?

— ஏன் முகம் இப்படி வெளுக்குது? கடிச்சுட மாட்டேன். சிஸ்டர், நாளைக்குக் காலைல முதல்ல யாரையும் போடாதீங்க. முக்கியமான ஒருத்தங்க வர்றாங்க. அப்பா, எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.

— அவர் கேட்டுச் சொல்ல வேண்டாம் டாக்டர், எப்பவும் வர்ற நேரத்துக்கே நான் வந்துடறேன். கிளினிக் சாவி என்கிட்டதானே இருக்கு.